‘ஆகட்டும், பார்க்கலாம்’: மாற்றத்துக்கு வரும் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புது மெஷின் வந்தது. கொஞ்சம் பாலை உறிஞ்சிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் அதில் கொழுப்பு எவ்வளவு, மற்றத் திடப்பொருள் எவ்வளவு என்று காட்டி, அதற்கேற்ற விலையையும் போட்டுச் சீட்டு அடித்துத் தரும். அதற்கு முன்பெல்லாம் பால்மானியை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், லிட்டரை அளந்து நோட்டில் எழுதுவார்கள், அவ்வளவுதான். கெட்டியான பால் ஊற்றியவருக்கும் நீர்த்த பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். ‘மெஷின் விஷயம் தெரிந்தவன், வந்து நாலு வார்த்தை பேசு’ என்று சங்கத் தலைவர் கூப்பிட்டார். போனேன். இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஒருவரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘ஆகட்டும் தம்பி, பார்க்கலாம்’ என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். காமராசர் அப்படிச் சொன்னால் காரியம் நடந்துவிடும் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு நேர்மாறான பொருள். அடுத்த வாரமே சங்கத்துக்குப் பால் வரத்து குறைந்தது. கூட்டுரோட்டில் நிற்கும் தனியார் பால் வண்டியில் கேன்கள் கூடின.

நிர்வாகப் பாடம் படிப்பவர்கள் ‘மாற்றத்துக்கான எதிர்ப்பு’ என்று ஒரு தலைப்பில் படிப்பது இதைத்தான். எதிர்ப்பு என்றதும் கொடி, கோஷம், வேலைநிறுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவை அபூர்வம். பெரும்பாலும் எதிர்ப்பு தலையை ஆட்டிக்கொண்டுதான் வரும். கூட்டத்தில் ‘சரி சார்’ என்பார்கள். மறுநாள் பழைய நோட்டிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். புது முறையை அட்சரம் பிசகாமல் பின்பற்றி, அது எங்கே உடைகிறதோ அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு வகை. ‘ஆள் இல்லை’, ‘கரண்ட் இல்லை’, ‘அடுத்த மாதம் முதல்’ என்று நாளைக் கடத்துவது இன்னொரு வகை. இருப்பதில் நேர்மையானது, முகத்துக்கு நேரே சண்டை போடுவதுதான். சண்டை போடுகிறவர் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றாவது தெரியும்.

‘எதிர்ப்பு’ என்ற சொல்லே ஒருதலைப்பட்சமானது என்பது என் எண்ணம். மாற்றத்தைக் கொண்டுவருகிறவர் வைத்த பெயர் அது. மாற்றம் யார் தலையில் விழுகிறதோ அவரைக் கேட்டால் ‘எச்சரிக்கை’ என்பார், ‘முன்ஜாக்கிரதை’ என்பார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்?

சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்

இந்தத் துறையில் எல்லாரும் முதலில் கேள்விப்படுகிற பெயர் கர்ட் லெவின். 1890இல் பிறந்த யூதர், ஜெர்மனியில் உளவியல் பேராசிரியராக இருந்தவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்கா போய்விட்டார், 1947இல் இறந்தார். அவர் சொன்னதை நம் ஊர் மாட்டுவண்டியை வைத்தே விளக்கிவிடலாம்.

பாரம் ஏற்றிய வண்டி நகரவில்லை. சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் கிடக்கிறது. வண்டிக்காரனுக்கு இரண்டு வழி. மாட்டை இன்னும் இரண்டு அடி அடிக்கலாம். அல்லது இறங்கிக் கல்லை எடுத்துப் போடலாம். இரண்டிலும் வண்டி நகரும். ஆனால் அடித்து நகர்த்தினால் மாடு நுரை தள்ளும், அச்சு முனகும், அடுத்த முறை அதே இடத்தில் மாடு தானாகவே நின்றுவிடும். லெவின் இதைத்தான் முன்தள்ளும் விசைகள், தடுத்து நிறுத்தும் விசைகள் என்று பிரித்தார். ஒரு இடத்தில் ஒரு பழக்கம் அசையாமல் நிற்கிறது என்றால், இரண்டு பக்கமும் விசைகள் சமமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. முன்தள்ளும் விசையைக் கூட்டினால் மாற்றம் வரும், கூடவே இறுக்கமும் ஏறும். தடையைக் குறைத்தால் மாற்றம் வரும், இறுக்கம் குறையும்.

பால் சங்கத்தில் நான் இருபது நிமிடம் செய்தது முழுக்கச் சாட்டையடி. மெஷின் எவ்வளவு நல்லது, எவ்வளவு துல்லியம், எவ்வளவு நியாயம். கல் எங்கே கிடக்கிறது என்று குனிந்து பார்க்கவே இல்லை.

என்னென்ன கற்கள்

முதல் கல், இழப்பு. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகச் சொல்லியது: நூறு ரூபாய் கிடைப்பதில் வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் போவதில் வரும் வலி பெரிது. பிறகு 1990இல் கானமனும் வேறு இருவரும் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம் வாங்குவதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கைக்கு வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கு, அதை வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், இருபது வருடம் பழகிய வேலை முறைக்கு மனிதர் என்ன விலை சொல்வார்?

எங்கள் சங்கத்தில் இந்த இழப்பு கற்பனையும் இல்லை. அதிகம் பால் தரும் கலப்பின மாடு வைத்திருப்பவர்கள் லிட்டர் கணக்கில் பணம் வாங்கிப் பழகியவர்கள். அந்தப் பாலில் கொழுப்பு குறைவு; எருமைப் பாலில் ஏறத்தாழ இரு மடங்கு. கொழுப்பைப் பார்த்து விலை என்றால் அவர்களுக்கு லிட்டருக்குக் குறையத்தான் செய்யும். ‘எல்லாருக்கும் நல்லது’ என்று நான் மேடையில் சொன்னது பொய். சொன்ன எனக்கு அது தெரியவில்லை, கேட்டவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

இரண்டாவது கல், வெட்கம். இதை யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில், தாளில் எழுதும் பரிசோதனைப் பட்டியலை எடுத்துவிட்டு டேப்லெட்டில் பதிவு செய்யும் முறை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆபரேட்டர் ஒருவர், மிகத் திறமைசாலி, அதைத் தொடவே மறுத்தார். ‘இந்த விளையாட்டுச் சாமானெல்லாம் எனக்கு வேண்டாம்’ என்றார். பிடிவாதக்காரர் என்று எல்லாரும் முடிவுகட்டினோம். ஒரு நாள் கேண்டீனில் டீ குடிக்கும்போது, பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப்பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளில் இருந்த பட்டியல் தமிழில் இருந்தது. திரையில் இருந்தது ஆங்கிலம், அதுவும் எறும்பு அளவு எழுத்து. இளம் பையன்கள் முன்னால் தடவித் தடவிப் படிக்க அவருக்கு மனமில்லை. திரையைத் தமிழாக்கி எழுத்தைப் பெரிதாக்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி தீர இன்னும் இரண்டு மாதம் ஆனது; அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கல், உறவு. ஹார்வர்டு பேராசிரியர் பால் லாரன்ஸ் 1954லேயே இதை எழுதிவிட்டார்: ஜனங்கள் கருவி மாறுவதை அவ்வளவாக எதிர்ப்பதில்லை, கருவியோடு சேர்ந்து மனிதர்களுக்கு இடையே இருக்கும் ஏற்பாடு மாறுவதைத்தான் எதிர்க்கிறார்கள். எங்கள் சங்கத்தில் பால் பரிசோதிக்கும் அண்ணன் இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையில் இருப்பவர். தீவனத்துக்கு முன்பணம் வேண்டும், மாரியம்மன் பண்டிகைக்குப் பணம் வேண்டும் என்றால் அவரிடம்தான் காதைக் கடிப்பார்கள்; அவர் செயலாளரிடம் சொல்லி வாங்கித் தருவார். மெஷின் சீட்டு அடித்தால் கணக்கு அன்றன்றைக்கு முடிந்துவிடும். அப்புறம் அண்ணனிடம் கேட்க என்ன இருக்கிறது? அவருக்கும்தான் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? சங்கத்தில் அவர் மெஷினைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. மெஷினைப் பற்றி யாராவது கேட்டால் மேலே பார்த்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவார். அது போதாதா?

நான்காவது, பழைய தழும்பு. சூடு கண்ட பூனை கதை. முன்பு ஒரு திட்டம் வந்தது, போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். இந்தத் தழும்பு உள்ள இடத்தில் நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பதற்கு மதிப்பு கிடையாது; உங்களுக்கு முன் வந்தவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் கணக்கு.

சோம்பல், பிடிவாதம், படிப்பறிவின்மை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற காரணங்களை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவையும் உண்டு. ஆனால் அவற்றைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். நாம் முதலில் சந்தேகப்படுகிறோம்.

பைஜாமா தைத்த ஊர்

இந்தத் துறையின் மிகப் பழைய, இன்றும் பேசப்படுகிற தொழிற்சாலைச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் நிறுவனம் இருந்தது. ஏறத்தாழ 500 பெண்கள், 100 ஆண்கள். சராசரி வயது 23. பெரும்பாலோர் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அதற்கு முன் ஆலை வாசலை மிதிக்காதவர்கள். தளி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். படம் சரியாக வரும்.

அங்கே வேலை முறையை மாற்றினாலே சிக்கல். மாற்றப்பட்டவர்களின் உற்பத்தி விழும், பலர் வேலையை விட்டே போய்விடுவார்கள். நிறுவனத்தின் பணியாளர் மேலாளர் லெஸ்டர் கோக், உளவியலாளர் ஜான் பிரெஞ்சு இருவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்து 1948இல் வெளியிட்டார்கள். தவிர்க்க முடியாத சிறு மாற்றங்கள்தான். உதாரணமாக, இஸ்திரி போடுகிறவர்கள் அரை டஜன் துணியைத் தட்டை அட்டைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும்.

முதல் குழுவுக்கு வழக்கம்போல் அறிவித்தார்கள். இதைக் கவனியுங்கள்: அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காரணம் சொன்னார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நான் பால் சங்கத்தில் செய்ததைவிடக் கூடுதலாகவே செய்தார்கள். மணிக்கு 60 அலகு வேலை என்பது அங்கே எதிர்பார்க்கப்பட்ட அளவு. இந்தக் குழு 50ஐ ஒட்டியே நின்றுவிட்டது. மேற்பார்வையாளரோடு உரசல், புகார், வேண்டுமென்றே வேலையை மெதுவாக்குவது. 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டார்கள்.

இன்னொரு குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, அவர்கள் மூலம் புது முறையை வகுத்தது. இரண்டு வாரத்தில் பழைய அளவைத் தொட்டது. ஒருவரும் விலகவில்லை.

மூன்றாவது வகையில் இரண்டு சிறு குழுக்கள். இங்கே பிரதிநிதி கிடையாது, எல்லாருமே உட்கார்ந்தார்கள். முன்பு பிரதிநிதிகளை அனுப்பிய குழுவின் கூட்டத் தொடக்கத்தில், ஒரே மாதிரி இரண்டு ஆடைகளைக் காட்டி, ‘இதில் மலிவானது எது?’ என்று கேட்டிருந்தார்கள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்று 1946இல் தைத்தது, மற்றது 1947இல் தைத்தது. முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்கு விலைக்கு விற்றது. சந்தை எப்படி விழுந்திருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சொற்பொழிவு தேவைப்படவில்லை. இந்தச் சிறு குழுக்களிலும் மாற்றத்தின் தேவையை அதேபோல் அழுத்தமாகக் காட்டினார்கள். உடனே செலவை எங்கே குறைக்கலாம் என்று அவர்களே யோசனை சொல்லத் தொடங்கினார்கள். குறிப்பெடுத்தவருக்கு எழுதி மாளவில்லையாம். இந்தக் குழுக்கள் மாற்றத்துக்கு முன் இருந்த அளவையும் தாண்டி, ஏறத்தாழ 14 சதவீதம் மேலே போய் நின்றன. 40 நாளில் விலகியவர் யாரும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. தோற்றுப்போன முதல் குழுவில் மிஞ்சியவர்களை இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். அதே மனிதர்கள், விறுவிறுவென்று ஏறிப் புதிய உயரத்தைத் தொட்டார்கள். ‘சில பேருக்கு எதைச் சொன்னாலும் எதிர்க்கிற குணம்’ என்று நாம் சொல்வோமே, அந்தக் குணம் இரண்டரை மாதத்தில் எங்கே போனது?

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் ஒரு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் போதும்’ என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே அப்படிக் கிளம்பியவன்தான். முடிவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்பது, பெண்ணுக்குப் பரிசம் போட்டுவிட்டு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்பதுபோல. நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதேபோன்ற சோதனையை 1960இல் செய்து பார்த்தபோது உற்பத்தியில் வித்தியாசமே தெரியவில்லை. அங்கே தொழிலாளர்கள் கலந்துகொண்டு முடிவெடுக்கக் கிடைத்த விஷயங்கள் அவர்களுக்கு அவ்வளவு முக்கியமானவை அல்ல. இதெல்லாம் தங்கள் தொழிற்சங்கத்தின் வழியாக நடக்க வேண்டியது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். எதைக் கேட்கிறோம், கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா, கேட்டபின் எதையாவது மாற்றுவோமா? இந்த மூன்றும் இல்லாத கூட்டம் வெறும் டீ செலவு.

லெவினே இதற்கு முன் வீட்டுச் சமையலறையில் ஒரு சோதனை செய்திருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலம். அமெரிக்காவில் நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்கச் சொல்லிக் குடும்பப் பெண்களைச் சம்மதிக்கவைக்க வேண்டும். (ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரலுக்கும் குடலுக்கும் வரிசையில் நிற்கும் தருமபுரிக்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. அந்த அமெரிக்கப் பெண்களுக்கு அது அருவருப்பு.) 13 முதல் 17 பேர் வரை கொண்ட ஆறு குழுக்கள். பாதிக் குழுக்களுக்குச் சத்து, செலவு, நாட்டுப்பற்று எல்லாம் சேர்த்து அருமையான சொற்பொழிவு. சமையல் குறிப்புகூடக் கொடுத்தார்கள். மற்றக் குழுக்களில் அதே நேர அளவுக்குப் பெண்களையே பேசவிட்டு, ‘வீட்டில் வாடை வருமே’, ‘கணவர் தொடமாட்டாரே’ என்ற சிக்கல்களை அவர்களே அலசி, முடிவில் கைதூக்கச் சொன்னார்கள். பின்னால் போய் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். சிறிய சோதனைதான், பெரிய சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் என் இருபது நிமிடத்தின் மதிப்பெண் அந்த 3தான்.

நம் மண்ணில் நடந்தது

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் மாவட்டங்களிலேயே ஒன்று இருக்கிறது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். அதே ஆண்டில் இரண்டு மாவட்டங்களிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூலம் துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. சொட்டுநீர், அந்தக் குழாய் வழியாகவே கரையும் உரம், குழித்தட்டில் வளர்த்த நாற்று, அடிமண்ணை உடைக்கும் உளிக்கலப்பை. மூன்று ஆண்டில் 400 ஹெக்டேர் இலக்கு: முதல் ஆண்டு 100, இரண்டாம் ஆண்டு 200, மூன்றாம் ஆண்டு 100. ஒரு ஹெக்டேருக்குச் சொட்டுநீர்க் கருவிக்கு 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய் என்று கணக்கு. முதல் ஆண்டு முழு மானியம். விவசாயி கையிலிருந்து ஒன்றும் போட வேண்டாம்.

அப்படியும் முதலில் ஆட்கள் தயங்கினார்கள். தொடர் வறட்சியில் கிணறும் மனமும் வற்றிக் கிடந்த காலம் அது. இலவசமாக வருவதைக் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்படும் பழக்கமும் நமக்கு உண்டு. எப்படியோ 100 ஹெக்டேருக்கு ஆள் சேர்ந்தது. அறுவடை வந்தது, காய்கறி நன்றாக விளைந்தது, சந்தையில் நல்ல விலைக்கும் போனது. இரண்டாம் ஆண்டு மானியம் 90 சதவீதமாகக் குறைந்தது, மூன்றாம் ஆண்டு 80 ஆனது. பதிவு செய்ய வந்தவர்களின் எண்ணிக்கையோ கூடியது.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். பணம் குறைந்தபோது ஆர்வம் ஏறியது. முழு மானியம் கரைக்காத தயக்கத்தைப் பக்கத்து வயல் கரைத்தது. வரப்பில் நின்று எட்டிப்பார்க்கலாம், பொழுது சாய அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து ‘நிஜமாகவே எவ்வளவு வந்தது?’ என்று கேட்கலாம். அதிகாரி சொன்னால் அறிவிப்பு. பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னால் தகவல்.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பரவியதை 1940களின் தொடக்கத்தில் ரயன், கிராஸ் என்ற இருவர் 259 விவசாயிகளிடம் விசாரித்து ஆராய்ந்தபோதும் இதே சித்திரம் கிடைத்தது. விதையைப் பற்றிய செய்தி வியாபாரி மூலம் வந்தது; மனத்தை மாற்றியது அண்டை வீட்டுக்காரர். அதுவும் பெரும்பாலோர் ஒரே ஆண்டில் முழு நிலத்திலும் போட்டுவிடவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம்.

அதே மாநிலத்தில் பிறந்து, புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் எவரெட் ரோஜர்ஸ். மக்களை ‘முன்னோடிகள்’ முதல் ‘பின்தங்கியவர்கள்’ வரை ஐந்து வகையாக 1962இல் பிரித்தவர் அவர்தான். அவருடைய தகப்பனாரும் அந்த ஒட்டு விதையை வருடக்கணக்கில் தள்ளிவைத்தவர். 1936 வறட்சியில் பக்கத்து வயலில் புதுச் சோளம் நிமிர்ந்து நிற்க, தன் வயலில் வாடிச் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். ஆனால் அதே தகப்பனார் புது இயந்திரங்கள் என்றால் முதல் ஆளாக வாங்குவாராம். ஆக, ‘இவர் மாற்றத்தை எதிர்க்கிற ஆள்’ என்று நெற்றியில் ஒட்டுகிற சீட்டு அவ்வளவு நம்பத்தக்கது அல்ல. டேப்லெட்டைத் தொட மறுத்த எங்கள் ஆபரேட்டர் கையில் எப்போதும் புது மாடல் செல்போன்தான் இருக்கும்.

எதிர்ப்பவர் சரியாகவும் இருக்கலாம்

இதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை மேலதிகாரிகளுக்கான தந்திரக் கையேடாகிவிடும். சில மாற்றங்கள் மோசமானவை. சில நல்ல மாற்றங்களை மோசமான இடத்தில் வைக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் ‘மழை வந்தால் கரண்ட் போகுமே, அப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கூட்டம் முடிந்தபின் ஒரு பெரியவர் கேட்டிருந்தார். முணுமுணுப்பு என்று தள்ளிவிட்டோம். மெஷின் வந்த இரண்டாம் வாரம் சாயங்கால மழையில் மின்சாரம் போய், நாற்பது பேர் பால் கேனோடு ஒரு மணி நேரம் நின்றார்கள். பேட்டரி வாங்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லியிருக்கிறார். அதைத்தான் ‘எதிர்ப்பு’ என்று எழுதிவைத்தோம்.

அதேபோல, எல்லாவற்றையும் கூட்டம் போட்டு முடிவு செய்யவும் முடியாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு லாரியை உருட்டிக்கொண்டு வருவது உயிருக்கு உலை. அதைப் பற்றி ஓட்டுநர்களிடம் வாக்கெடுப்பு நடத்த முடியாது. ஆனால் அங்கேகூட, மிச்சமாகும் டீசலுக்கும் போகவேண்டிய நேரத்துக்கும் முதலாளி எப்படிக் கணக்குக் கேட்கிறார் என்று பார்க்காமல் அபராதம் மட்டும் போட்டால், போலீஸ் நிற்காத இடத்தில் பழைய பழக்கமே ஓடும்.

சங்கத்துக்குத் திரும்புவோம்

இரண்டாவது முறை நான் பேசப் போகவில்லை. கறவை நேரத்தில் நான்கைந்து வீட்டுத் தொழுவங்களில் போய் உட்கார்ந்தேன். கற்களெல்லாம் அப்போதுதான் தெரிந்தன. பிறகு செயலாளரும் தலைவரும் ஊற்றுகிறவர்களும் சேர்ந்து பேசினார்கள்; நான் ஓரமாக இருந்தேன். பதினைந்து நாளுக்குப் பழைய முறையும் புது முறையும் ஒன்றாக நடப்பது, மெஷின் அளவைச் சீட்டில் காட்டுவது, பணம் மட்டும் பழைய கணக்குப்படியே தருவது என்று முடிவாயிற்று. சீட்டுத் தமிழில் வர வேண்டும் என்றார்கள், வந்தது. பண்டிகை முன்பணம் தொடரும் என்பது தீர்மான நோட்டில் ஏறியது. கலப்பின மாட்டுக்காரர்களின் நஷ்டத்துக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. தீவனத்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். இரண்டு பேர் தனியார் வண்டிக்கே போய்விட்டார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி.

எருமை வைத்திருக்கும் ஒரு பெரியம்மா மட்டும் யார் பேச்சையும் நம்பவில்லை. ‘மெஷின் பொய் சொல்லாது என்கிறாய். மெஷினை வைத்தவன் சொல்லமாட்டானா?’ என்று என்னைக் கேட்டார். ஒரு நாள் ஒரே பாலை இரண்டு தூக்கில் ஊற்றி, ஒன்றைத் தன் பெயரிலும் மற்றதை மருமகள் பெயரிலும் நீட்டினார். ஒன்றுக்கு 6.8 வந்தது, மற்றதற்கு 6.7. சீட்டுகளைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, ‘ஒரு புள்ளிதான் பொய் சொல்கிறது, போகட்டும்’ என்று இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. என் இருபது நிமிடம் போகாத தூரம்.

பரிசோதிக்கும் அண்ணனை மெஷினுக்குப் பொறுப்பாளராக்கினார்கள். தினமும் சுத்தம் செய்வது, அளவு தப்பினால், பாலில் அமிலம் சேர்த்துக் கொழுப்பைப் பிரித்து அளக்கும் பழைய சோதனையால் சரிபார்ப்பது எல்லாம் அவர் கையில். அமிலமும் கண்ணாடிக் குழாயும் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

லெவின் மாற்றத்தை மூன்று படியாகச் சொன்னார்: உறைந்திருப்பதை இளக்குவது, நகர்த்துவது, மறுபடி உறையவைப்பது. இதைப் பனிக்கட்டியை வைத்து விளக்குவார்கள்; எனக்குத் தயிர்தான் நினைவுக்கு வரும். உறை ஊற்றியபின் பாத்திரத்தை அடிக்கடி ஆட்டிப் பார்த்தால் தயிர் கட்டாது. பல அலுவலகங்களில் நடப்பது அதுதான். ஒரு முறை பழகுவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். எங்கள் சங்கத்தில் நல்லவேளையாக ஒரு வருடம் யாரும் எதையும் மாற்றவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நான் ஊரில் இருந்தேன். அடைமழை, மின்சாரம் இல்லை, பேட்டரியும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அண்ணன் அலமாரியிலிருந்து பழைய பால்மானியை எடுத்துத் துடைத்தார். டார்ச் வெளிச்சத்தில் லிட்டரை அளந்து நோட்டில் எழுதத் தொடங்கினார். முகத்தில் அப்படி ஒரு களை. வரிசையில் முதலில் நின்றது எருமைக்காரப் பெரியம்மா. தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

‘என்ன பெரியம்மா?’

‘சீட்டு எங்கே?’

அண்ணன் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் லிட்டரை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அடுத்து நின்றவரும் கையை நீட்டினார்.